எனக்கு முன்னாடி கை வெச்சது யாரு?

மங்கலம் ரோட்டில் இருக்கும் சந்தனம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸுக்கு வரும் எந்த வண்டிக்கும் முதலில் நடப்பது சோதனை அல்ல, விசாரணை. டிரைவர் இறங்கி வந்து கோளாறு இன்னதென்று சொல்ல வாயெடுப்பதற்குள் சந்தனம் கேட்டுவிடுவார்.

"எனக்கு முன்னாடி இதுல கை வெச்சது யாரு?"

பெயர் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். சொல்லாவிட்டால் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார். ஒரு வண்டி கெட்டுப்போவது அதைச் செய்தவனாலும் அல்ல, ஓட்டுகிறவனாலும் அல்ல. நடுவில் எவனோ ஒருவன் ஒயரைப் பல்லால் கடித்து, முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டுப் போனதால்தான் என்பது அவருடைய சித்தாந்தம். சித்தாந்தத்துக்குச் சாட்சியாக மேஜைமேல் ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தார். ஊர் உலகத்து எலெக்ட்ரீசியன்கள் போட்ட மோசமான இணைப்புகளை வெட்டியெடுத்து அதற்குள் சேர்த்திருந்தார். கருகிப்போனது, பச்சை பூத்தது, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியது, சூயிங்கத்தால் ஒட்டியது. டீ வருவதற்குள் வாடிக்கையாளர் அதைப் பார்த்து முடித்து, இப்படியெல்லாம்கூட மனிதர்கள் இருப்பார்களா என்று வருத்தப்பட வேண்டும். பிறகுதான் பானெட் திறக்கும்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து பதினெட்டு வயதில் அவர் திருப்பூருக்கு வந்தது பனியனுக்கு இஸ்திரி போட. அவர் இஸ்திரி போட்ட பனியன்களைவிட அவர் ரிப்பேர் பார்த்த இஸ்திரிப் பெட்டிகள்தான் ஒழுங்காக இருக்கின்றன என்று ஆறே மாதத்தில் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து சோமனூருக்குப் போய்த் தறி மோட்டாருக்குக் காயில் கட்டினார். அப்புறம் லாரி. அதில் இருபது வருஷம் ஓடிவிட்டது.

அவர் போடும் இணைப்பு அழகாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஈயம் வைத்து, அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சிட்டு, அதற்கு மேல்தான் டேப். நூல், அவர் மனைவி ராமுத்தாய் கொண்டுவருவது. அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். ஓர் ஆர்டர் முடிந்ததும் கோனில் மிஞ்சும் அடிநூலை யாரும் கேட்பதில்லை. ஆர்டருக்கு ஆர்டர் நிறம் மாறும் என்பதால், சந்தனம் தன் இணைப்பைப் பார்த்தாலே எந்த மாதம் போட்டது என்று சொல்லிவிடுவார். ஆகாய நீலம் என்றால் போன வைகாசி. எலுமிச்சை மஞ்சள் என்றால் அதற்கு முந்தைய தை.

ராமுத்தாயின் வேலை, தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது. வீட்டுக்கு வரும்போது சேலைத் தலைப்பிலும் முழங்கையிலும் நாலைந்து அம்புக்குறி ஒட்டிக்கொண்டிருக்கும். ஊறுகாய் பாட்டிலைப் பற்றி அவளுக்கென்று ஒரு கருத்து இருந்தது.

"எங்க கம்பெனில ஒவ்வொரு பீஸுலயும் செக்கர் நம்பர் போடணும். திரும்பி வந்தா எவ பாத்தான்னு தெரிஞ்சுரும். உங்களுக்கு அந்தத் தொந்தரவே இல்ல. நல்லா ஓடுனா நீங்க பாத்த வேலை. நின்னு போச்சுன்னா எவனோ பாத்த வேலை."

"அப்படியில்ல தாயி" என்பார் சந்தனம். எப்படி என்று சொல்லமாட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் மாரப்பனின் புது டேங்கர் கடைக்கு வந்தது.

மாரப்பனுக்குத் தோட்டம் இருந்தது. தோட்டத்துக் கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்கிய பிறகு, சாயப்பட்டறைக் கழிவுச் சேற்றை உறிஞ்சி எடுத்துப்போக இரண்டு டேங்கர் லாரி வாங்கிவிட்டார். பழைய லாரியைக் கன்னையன் ஓட்டினான். புதியதை இசக்கிமுத்து ஓட்டினான். இசக்கிமுத்துவும் சங்கரன்கோவில் பக்கம்தான். மாரப்பனின் தோட்டத்தை ஒட்டிய லைன் வீட்டில் மனைவி, மகளோடு குடியிருந்தான். வேலை இருக்கும்வரை வீடு.

இந்த லாரிகளில் பின்னால் இருக்கும் பம்பைச் சுற்றுவது லாரியின் இன்ஜினேதான். இன்ஜின் சக்தியைப் பம்புக்குத் திருப்பிவிடும் இணைப்பை பி.டி.ஓ. என்பார்கள். பழைய லாரியில் பி.டி.ஓ.வைப் போட்டுவிட்டு ஒரு கேபிளை இழுத்துக் கொக்கியில் மாட்டினால் இன்ஜின் வேகம் ஏறும். புது லாரியில் கேபிளும் இல்லை, கொக்கியும் இல்லை. சுவிட்சைத் தட்டினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, வண்டி நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, கிளட்ச்சிலும் பிரேக்கிலும் கால் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரியென்றால் அறுநூறு சுற்றில் இருக்கும் இன்ஜினைத் தானே ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றும். ஒன்று சரியில்லை என்றாலும் ஏற்றாது. ஏன் ஏற்றவில்லை என்றும் சொல்லாது.

மாரப்பனின் லாரி ஏற்றாமல் நின்றது. பம்ப் சோம்பலாகச் சுற்றியது, சேறு குழாயில் பாதி தூரம் வந்து திரும்பிப் போனது.

"எனக்கு முன்னாடி இதுல கை வெச்சது யாரு?" என்றார் சந்தனம்.

"கோயமுத்தூர்ல கம்பெனிக்காரங்க லேப்டாப்பை மாட்டிப் பாத்தாங்க. தப்பு ஒண்ணுமே காட்டலைன்னு ரெண்டு சுவிட்சை மட்டும் மாத்திவிட்டாங்க அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "ஒயர்ல உங்களத் தவிர ஒருத்தரும் கை வைக்கல."

சந்தனம் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். உண்மையில் அது பதில்.

கடையில் வைத்து மூன்று முறை பி.டி.ஓ.வைப் போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் முள் அழகாக ஆயிரத்து இருநூறுக்குப் போய் நின்றது. மறுநாளும் வரச்சொல்லிப் பார்த்தார். அதே ஆயிரத்து இருநூறு. மாரப்பனுக்குப் போன் போட்டு, "வண்டியில ஒண்ணும் இல்லீங்க. நான் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

மாரப்பன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அதுதான் வினையாகிவிட்டது. வண்டியில் ஒன்றுமில்லை என்று லேப்டாப் சொல்லிவிட்டது, சந்தனமும் சொல்லிவிட்டார். நடுவில் இரண்டு நாள் கன்னையனை ஏற்றிப் பார்த்தார், ஓடியது. ஒருநாள் மாரப்பனே ஏறிப் பார்த்தார், ஓடியது. இசக்கிமுத்து ஏறினால் மட்டும் நின்றது. இனி லேப்டாப் வைத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

கோபமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர் மாரப்பன். "ஏனுங்க இசக்கிமுத்து, உங்களுக்கும் வண்டிக்கும் ராசி ஒத்துவரலீங்களாட்ட இருக்குது. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. வியாழக்கெழமையோட நிறுத்திக்கலாமுங்க. ஊட்டையும் அப்படியே காலி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா புதுசா வர்றவருக்கு வசதியா இருக்கும். மெதுவா பண்ணுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள போதும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இசக்கிமுத்து பஸ் ஏறிச் சந்தனத்தின் கடைக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, வண்டியில ஒண்ணுமில்லன்னு சொல்லிப்புட்டிய. அப்ப எம்மேலதான் என்னமோ இருக்குன்னு ஆயிப்போச்சு."

"நான் உன்னையவா சொன்னேன்? வண்டியச் சொன்னேன்."

"வண்டிக்கு என்ன, அது நின்னுக்கிட்டே இருக்கும். நான்லா தெருவுல நிக்கப்போறேன். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் வேலை செய்யுத எடத்துல வந்து பாருங்க. அங்க வெச்சும் ஒண்ணுமில்லன்னா நானே போயிருதேன்."

தான் சரி என்று சான்று கொடுத்த வண்டியை மறுபடி பார்ப்பது சந்தனத்தின் வழக்கமில்லை. ஆனால் ஊர்க்காரன். அத்தோடு, ராமுத்தாய் அன்று ஷிப்ட் முடிந்து கடைவழியாக வந்தவள், ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "வெளிச்சத்துல விரிச்சுப் பாக்காம நான் ஒரு பீஸைக்கூட பாஸ் போடமாட்டேன்" என்று பொதுவாகச் சொன்னாள், சுவரைப் பார்த்து.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மங்கலம் தாண்டி ஒரு சாயப்பட்டறையின் கழிவுக் குழியருகே லாரி நின்றது. மாரப்பனும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூக்கைத் துண்டால் மூடியபடி வந்திருந்தார். பட்டறை ஆட்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். குழியில் சேறு ஊதாவும் கறுப்புமாகத் தளும்பியது.

"நீ எப்பவும் செய்யுத மாதிரியே செய்யி. ஒண்ணு விடாம" என்றார் சந்தனம்.

இசக்கிமுத்து நியூட்ரலுக்கு வந்தான். ஹேண்ட் பிரேக் போட்டான். செருப்பைக் கழற்றினான். டேஷ்போர்டின் மேல் இருக்கும் இசக்கியம்மன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, படத்தைச் சுற்றியிருந்த சிவப்புச் சீரியல் பல்பை எரியவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டான். இதில் யாரும் சிரிக்கவில்லை. இந்த மாதிரிக் குழிகளில் இறங்கி ஏறாமல் போனவர்கள் உண்டு; அதன் வாயில் நின்று பிழைக்கிறவன் எதையாவது எரியவிட்டுத்தான் ஆகவேண்டும். அப்புறம் பி.டி.ஓ. சுவிட்சைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினான்.

முள் அறுநூறிலேயே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மாரப்பன், மிகுந்த மரியாதையோடு.

சந்தனம் மீட்டரை எடுத்தார். நியூட்ரல் சுவிட்ச் சரி. ஹேண்ட் பிரேக் சுவிட்ச் சரி. கிளட்ச் சரி. ஏதாவது பிடிபடுமா என்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் போனார். குழாயைப் போட வருகிறவர்கள் அங்கே விளக்கைப் பார்ப்பதில்லை. பம்பர் முதல் நம்பர் பிளேட் வரை சேறு அப்பி ஊதாவாக இறுகிக் கிடந்தது. அந்த ஊதாவுக்கு அடியில் ஓரிடத்தில் மட்டும் ஏதோ சிவப்பாகக் கசிந்தது. உள்ளங்கையால் வழித்துப் பார்த்தார். பிரேக் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏல இசக்கி! பிரேக்குலேருந்து காலை எடு!"

"காலா?" என்றான் இசக்கிமுத்து அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நான் இங்கல்லா நிக்கேன் அண்ணாச்சி!"

சந்தனத்துக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. யாரும் மிதிக்காத பிரேக்கை யாரோ மிதித்துக்கொண்டிருப்பதாகப் பெட்டி நினைக்கிறது. பிரேக்கில் கால் இருந்தால் வண்டி நகரப்போகிறது என்று அர்த்தம். அதனால் வேகத்தை ஏற்றாமல் இருக்கிறது. பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் லேப்டாப்பில் தப்பு ஏதும் தெரியவில்லை. பிரேக் லைட் ஒயருக்குள் வேறெங்கிருந்தோ கரண்ட் வருகிறது. அப்படியென்றால் எவனோ அதில் கை வைத்திருக்கிறான்.

அவருக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. கேபினுக்குள் ஏறி, டேஷ்போர்டின் அடித் தகட்டைக் கழற்றிக்கொண்டே வெளியே நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி முழங்கினார்.

"நான் அன்னைக்கே கேட்டேனா இல்லையா? எனக்கு முன்னாடி கை வெச்சது யாருன்னு? பிரேக் லைட் ஒயரைக் கிள்ளி எதுலயோ சேத்திருக்கான் பாருங்க! குறடு பிடிக்கத் தெரிஞ்சவனெல்லாம் எலெக்ட்ரீசியன்! இவனையெல்லாம் கூட்டியாந்து வரிசையா நிக்கவெச்சு..."



தகட்டுக்குள் நுழைந்த விரல்கள் இணைப்பைத் தொட்டுவிட்டன. டேப்புக்கு அடியில் வரிவரியாக, நெருக்கமாக, நூல். கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் டேப்பை உரித்துப் பார்த்தார். கருஞ்சிவப்பு கலந்த ரோஸ் நூல். போன புரட்டாசியில் ராமுத்தாய் கம்பெனியில் ஓடிய குழந்தைகள் பனியன் ஆர்டர். புரட்டாசி என்றால் ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் பதினோரு லாரிகளுக்குச் சாமி விளக்குப் போட்டார். வருஷா வருஷம் போடுவதுதான். ஒரே விளக்குக்கு இரண்டு வழி: தனிச் சுவிட்சைப் போட்டால் நிலையாக எரியும், ஓடும்போது பிரேக் மிதித்தால் மின்னும். லாரிக்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை. சுவிட்சைப் போட்டு வைத்தால் கரண்ட் பின்னோக்கிப் போய்ப் பிரேக் லைட்டையும் எரியவைக்கும் என்பது அவருக்குத் தெரியும். பழைய லாரிகளில் அதனால் என்ன குடி முழுகிப்போகும்? முன்னாலும் பின்னாலும் தீபாராதனை என்று சிரித்துக்கொள்வார்கள். இந்த லாரியில் பிரேக் ஒயரின் இன்னொரு முனையில் ஒரு பெட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதை அவர் அன்று யோசிக்கவில்லை.

மெதுவாகக் கை நீட்டிச் சாமி விளக்கை அணைத்தார். பி.டி.ஓ. சுவிட்சைத் தட்டினார். இன்ஜின் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஆயிரத்து இருநூறுக்கு ஏறியது. விளக்கைப் போட்டார். அறுநூறுக்கு இறங்கியது.

கேபின் கதவருகே நின்று இதைக் கவனித்த இசக்கிமுத்து அம்மன் படத்தைப் பார்த்தான். "ஆரம்பத்துல கும்பிட்டு முடிச்சதும் அணைச்சிருவேன்" என்றான் தனக்குத்தானே சொல்வதுபோல. "ஒருநாள் மறந்துபோய் அப்படியே விட்டேன், அன்னைக்குத்தான் முதல்ல நின்னுச்சு. எனக்குப் பயம் வந்துட்டு. அதுலேருந்து வேலை முடியுத வரைக்கும் அணைக்கிறதே இல்ல."

வண்டி நிற்க நிற்க அவன் விளக்கை எரியவிட்டிருக்கிறான். விளக்கு எரிய எரிய வண்டி நின்றிருக்கிறது. கடையில் விசாரணைக்கு நின்றபோது குழியும் இல்லை, கும்பிடவும் இல்லை. கன்னையனும் மாரப்பனும் ஏறியபோது அந்த விளக்கைத் தொட அவர்களுக்குத் தோன்றவில்லை.

"அப்ப நாஞ் சொன்னது சரியாப் போச்சுங்க" என்றார் மாரப்பன். "ராசின்னு நெனச்சேன். இவருதான் கம்பெனி வண்டியில கண்டதையும் மாட்டி வெச்சிருக்காரு. நாளைக்கே நிறுத்திக்கறது நல்லதுங்க."

 விளக்கை மாட்டியது யார் என்று அங்கே இரண்டு பேருக்குத் தெரியும். இசக்கிமுத்து சந்தனத்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தபடி நின்றான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அண்ணாச்சி முழங்கியதை அவனும் கேட்டிருந்தான்.

சந்தனம் கேபினிலிருந்து இறங்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"இது நான் போட்டதுங்க" என்றார்.

மாரப்பன் சிரித்துவிட்டார். "அட, சும்மா இருங்க சந்தனம். ஊர்க்காரருன்னா இப்படியா விட்டுக்குடுக்காம பேசறது? நீங்க போடற வேலையா இது?"

"நான் போட்டதுதாங்க. நூலைப் பாருங்க."

"திருப்பூர்ல நூலுக்கா பஞ்சம்?"

இருபது வருஷமாக ஊறுகாய் பாட்டிலைக் காட்டிக் காட்டிச் சேர்த்த பேர், தேவைப்பட்ட நேரத்தில் அவருக்கு எதிராக நின்றது. தான் தப்பு செய்யக்கூடியவன்தான் என்று ஒருவரை நம்பவைக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று சந்தனம் நினைத்ததே இல்லை. பட்டறை ஆட்கள்கூட அவரை மெச்சுகிற பார்வை பார்த்தார்கள். பாவம், ஏழை டிரைவருக்காகத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஏனுங்க, ஆயுத பூஜைக்கு முந்தின நாளு வண்டியோட நீங்களே கடைக்கு வந்தீங்க. பழைய வண்டியில பிரேக் போட்டா அம்மன் மின்னறாளே, அதே மாதிரி புதுசுலயும் போட்டே ஆகோணும்னு நின்னு சொன்னீங்க. சேறு அள்ளற வண்டிங்களே, வேணுமான்னு கேட்டதுக்கு, சாமி காரியத்துல யோசிக்கக் கூடாதுன்னீங்க. கன்னையன் வண்டியில டேஷ்போர்டைக் கழட்டுங்க, இதே முடிச்சு இருக்கும். நூலு மட்டும் பச்சையா இருக்கும்."

மாரப்பன் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். குழியின் நாற்றத்தையே மறந்துபோனவர்போல நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படீங்களா" என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்து, "சொன்னனாட்டத்தான் இருக்குதுங்க" என்றார். அப்புறம் குரல் பழையபடி குழைந்தது. "சரி விடுங்க. சாமி காரியத்துல ஆரையுமே சொல்றதுக்கில்லீங்க. இசக்கிமுத்து, நீங்க குழாயைப் போடுங்க கண்ணு, குழி தளும்புது."

நிறுத்துவது பற்றியும், ஊட்டைக் காலி செய்வது பற்றியும் அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. அவர் பாஷையில் அது நிரந்தர வேலை.

சந்தனம் பிரேக் ஒயரிலிருந்து இணைப்பை வெட்டியெடுத்து, சாமி விளக்கைச் சுவிட்சோடு மட்டும் விட்டார். "இனிமே ரோட்டுல மின்னமாட்டா" என்றார்.

"ரோட்டுல எதுக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "இங்க எரிஞ்சா போதும்."

விளக்கைப் போட்டுக்கொண்டே பம்பையும் போட்டான். ஆயிரத்து இருநூறு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராமுத்தாய் தூக்குவாளியில் சோறு கொண்டு கடைக்கு வந்தாள். பாட்டிலுக்குள் கருகலுக்கும் ஈயத்தாளுக்கும் நடுவில் ரோஸ் நிறத்தில் ஒன்று கிடந்ததைக் கண்டாள். பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்கம்பெனி நூலுல்லா?"

"ம்" என்றார் சந்தனம் சோற்றைப் பார்த்தபடி.

 அவள் தன் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த அம்புக்குறி ஸ்டிக்கரை உரித்து, பாட்டிலின் கண்ணாடியில், நூலுக்கு நேராக, கோணாமல் பார்த்து ஒட்டினாள். செக்கிங்கில் அவளுக்குப் பதினாறு வருஷ அனுபவம்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு மணல் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தான். சந்தனம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு முன்னாடி இதுல கை வெச்சது யாரு?" கொஞ்சம் தயங்கினார். "என்னையும் சேத்துத்தான் கேக்கறேன்."

நல்ல தமாஷ் என்று நினைத்து டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான்.